கசகசாவும் கடல் கடந்த பிரயாணமும்

ஒரு காலத்தில் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டுமானால் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நம்மவர்களைச் சுமந்துகொண்டு வங்காள விரிகுடாவில் போய் வந்துகொண்டிருந்தது. நாள் கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டும். தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். ஆனாலும் அந்தப் பிரயாணத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. அக்கரையில் இருந்து பழகியவர்கள் நாலு பேராவது மேல்தளத்தில் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். "தம்பி, அங்கே இறங்கினால் இப்படி நடந்துகொள், அதை மட்டும் செய்துவிடாதே" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கப்பல் கரை சேர்வதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இப்போது அப்படியா? சென்னையில் காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினால் பிற்பகல் காப்பிக்குச் சிங்கப்பூர் போய்விடலாம். பாடம் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? பக்கத்து ஆசனக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார். நம் உடம்பு மட்டும் நாலு மணி நேரத்தில் வேறொரு தேசத்தில் போய் இறங்கிவிடுகிறது. மனசு மட்டும் இன்னும் மாம்பலத்திலேயோ மன்னார்குடியிலேயோ நின்றுகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் நம்மவர்களுக்கு வரும் சங்கடங்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஆகையால் இந்த வாரம் அந்தக் கப்பல் பெரியவர்களின் வேலையை நாமே எடுத்துக்கொள்வோம். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா புறப்படும் அம்மா, விடுமுறைக்குப் பாங்காக் போகும் குடும்பம், வேலைக்காகத் துபாய் போகும் தம்பி, எல்லோரும் சற்று இப்படி வந்து உட்காருங்கள்.

முதலில் பெட்டியைத் திறப்போம். நம் வீட்டுப் பெட்டியில் துணிமணி இருக்கிறதோ இல்லையோ, சமையல் சாமான் கட்டாயம் இருக்கும். அதில் சின்னதாக ஒரு கசகசாப் பொட்டலமும் இருக்கும். குருமாவுக்கு அரைத்து விடுவதற்கு, பாயசத்துக்கு என்று அம்மா கட்டி வைத்திருப்பாள். பாவம், அவளுக்குத் தெரியாது. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. அந்தச் செடியின் சத்து விதையில் துளியளவு ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் அதைக் கொண்டு போகக் கூடாது. போதைப் பொருள் தடுப்பு இலாகாவின் பார்வையில் அது தடை செய்யப்பட்ட சரக்கு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. நம் ஊர் மளிகைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் பொருள் அங்கே வழக்குக்கு உரிய பொருளாகிவிடுகிறது. "எங்கள் ஊரில் இதைப் பாயசத்தில் போடுவோம்" என்று சுங்க அதிகாரியிடம் சொல்லிப் புரியவைக்கும் வேலை நமக்கு எதற்கு? எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கறிவேப்பிலைக் கொத்தையும் எடுத்து வைத்துவிடலாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் ஒருவகைப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால் பச்சைக் கறிவேப்பிலையை அந்த நாட்டில் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் உணவுப் பண்டம் எது கொண்டு போனாலும் அவர்கள் கொடுக்கும் படிவத்தில் "ஆம், இருக்கிறது" என்று எழுதிவிட வேண்டும். எழுதினால் பார்ப்பார்கள், வேண்டாதது என்றால் எடுத்து எறிவார்கள், அவ்வளவோடு போகும். எழுதாமல் மறைத்தால்தான் அபராதம். ஊறுகாய்க்காகப் பொய் சொல்லி அபராதம் கட்டுவதைவிட, உண்மையைச் சொல்லி ஊறுகாயை இழப்பது மேல்.

அடுத்தது மருந்து டப்பா. வயதானவர்கள் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய டப்பாவில் கலந்து போட்டுக்கொள்வது வழக்கம். வீட்டில் அது சரி. வெளிநாட்டு விமான நிலையத்தில் அது பெயர் தெரியாத மாத்திரைக் குவியல். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்னும் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றை அமீரகத்துக்குக் கொண்டு போக அந்நாட்டு அரசாங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். சிங்கப்பூரிலும் இத்தகைய மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே எல்லா மாத்திரைகளையும் கடையில் கொடுத்த அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்கட்டும்; கம்பெனிப் பெயர் தேசத்துக்குத் தேசம் மாறும், பொதுப் பெயரை எந்த டாக்டரும் அறிவார். தினசரி மாத்திரைகளும் இன்சுலினும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் ரத்தக் கொதிப்பு காத்திருக்காது அல்லவா? கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கும் கைப்பையில்தான். அதைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்ப விமானத்தில் அனுமதியில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமான சமாசாரம். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் யாராவது வருவார்கள். தூரத்து உறவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவரோ. "அண்ணா, ஒரு சின்னப் பொட்டலம்தான். அங்கே விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வான்" என்பார்கள். நாம் மறுப்போமா? தாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே! பெட்டியின் ஓரத்தில் அது இடம் பிடித்துவிடும்.

2019-இல் ஓர் இளந்தம்பதி கத்தார் நாட்டுக்குப் போனார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவர்களுடைய பிரயாணச் செலவை ஏற்றுக்கொண்டு, அங்கே கொடுக்கும்படி ஒரு பொட்டலத்தையும் தந்திருந்தார். தோஹா விமான நிலையத்தில் அதைப் பிரித்தபோது உள்ளே இருந்தது நாலு கிலோவுக்கு மேல் ஹஷீஷ். இருவருக்கும் பத்தாண்டுச் சிறை. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையிலேயே பிறந்தது. ஏமாற்றப்பட்டவர்கள்தான் என்பதை நம் நாட்டுப் போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகள் இங்கே விசாரித்துக் கண்டறிந்து, அதன் பிறகு வழக்கு மறுபடி நடந்து, 2021-இல்தான் அவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். கொடுத்தது வழியில் கண்ட அன்னியர் அல்ல, சொந்த உறவு. இதை மறக்காதீர்கள்.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் வசம் உள்ள பையில் போதைப் பொருள் இருந்தால், அது இருப்பது அவருக்குத் தெரியும் என்றே சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்கிறது. தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஹெராயின் 15 கிராமுக்கு மேல் போனால் அங்கே மரண தண்டனைக்கு உரிய குற்றம். 15 கிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய நாலு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை!

அதற்காக உறவே வேண்டாம் என்று கதவைச் சாத்தச் சொல்லவில்லை. ஒரு வழி இருக்கிறது. "கொண்டுபோகிறேன். ஆனால் பிரித்துக் கொடுங்கள், நானே பார்த்து நானே கட்டுகிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்தவர் மகிழ்ச்சியோடு பிரிப்பார். முகம் சுளிப்பவரின் பொட்டலம் நமக்கு வேண்டாம். மூடி முத்திரையிட்ட டின், தைத்து மூடிய தலையணை, புதுச் செருப்பு, காலிப் பெட்டி ஆகிய பிரித்துப் பார்க்க முடியாத பொருள்களை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபம் ஒரு மாதத்தில் ஆறும்.

பெட்டி முடிந்தது. இனிப் பாஸ்போர்ட். அது உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் சொத்து அல்ல. 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசாங்கத்தின் சொத்து. உங்களிடம் நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அடகு வைக்கவோ, பிறர் பூட்டி வைக்கவோ உரியது அல்ல. முதல் பக்கத்தையும் விசா பக்கத்தையும் நகல் எடுத்து ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில், படம் ஒன்று கைப்பேசியில் என்று மூன்று இடத்தில் வையுங்கள். தொலைந்துவிட்டால் கலங்க வேண்டாம். முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். அதையும் நகலையும் எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். நகல் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வெளியே இறங்கித் தெருவைக் கடக்கலாமா? சற்று நில்லுங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இங்கெல்லாம் நம்மைப் போலவே வண்டிகள் இடப்பக்கம் போகும். அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் பிரான்ஸ், ஜெர்மனியிலும் வலப்பக்கம். நாற்பது ஐம்பது வருஷமாக வலப்புறம் பார்த்துக் காலடி எடுத்து வைத்த கழுத்து, அங்கே போனதும் மாறிவிடுமா? வின்ஸ்டன் சர்ச்சில் பெரிய ராஜதந்திரி, யுத்தகளங்களைக் கண்டவர். 1931 டிசம்பரில் நியூயார்க் நகரின் ஐந்தாவது அவென்யூவைக் கடக்கும்போது, இங்கிலாந்துப் பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்து, காரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 57. சர்ச்சிலுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? பச்சை விளக்கு எரியும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் பார்த்து, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கடவுங்கள்.

ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண்ணும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 911. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்யம். தாய்லாந்தில் சுற்றுலாப் பிரயாணிகளுக்கென்றே உள்ள போலீஸுக்கு 1155. போகிற நாட்டின் எண்ணை மட்டும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, தங்கும் வீட்டின் முழு விலாசத்தோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கைப்பேசியில் தேடும்போது கை நடுங்கும். காகிதத்தை யாரிடமாவது நீட்டிவிடலாம்.

ஏதோ தப்பர்த்தத்தில் போலீஸார் பிடித்தே விட்டால்? வாதாட வேண்டாம், ஓட வேண்டாம். புரியாத பாஷையில் உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். "என் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று கேளுங்கள். இது நாம் கெஞ்சிப் பெறும் சலுகை அல்ல. 1963-இல் வியன்னாவில் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அன்னிய நாட்டில் கைதானவருக்குத் தந்திருக்கும் உரிமை.

இனி, வேலைக்குப் போகும் தம்பிமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது: "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. கை நிறையச் சம்பளம். சுற்றுலா விசா போதும்." பாங்காக்கில் இறங்கியதும் கார் காத்திருக்கும். கார் ஊருக்குள் போகாது. மணிக்கணக்கில் மேற்கே ஓடி, மே சோட் என்ற எல்லை ஊரை அடையும். அங்கே மோயி என்ற ஆற்றைக் கடந்தால் அக்கரை மியாவாடி. அது மியான்மர் நாடு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலை என்ன தெரியுமா? உலகத்தில் உள்ளவர்களிடம் காதல் பேசியும் முதலீட்டு ஆசை காட்டியும் பணம் பறிப்பது. மறுத்தால் அடி, உதை. 2022-இல் நம் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது. அவர்கள் படிப்பறிவில்லாதவர்களா? இல்லை. பலர் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். தெரிந்ததால்தான் பிடித்தார்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை என்று சொல்பவன், முதல் வாக்கியத்திலேயே சட்ட விரோதத்தைச் சொல்லிவிட்டான். முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அப்படிப் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு விதிகள் வைத்த உச்சவரம்பு ரூ. 30,000-மும் அதன் மீதான வரியும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று நகையை அடகு வைக்கச் சொல்பவர் யாராயிருந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் கேட்கச் சென்னையில் குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் இருக்கிறது. மாநில அரசாங்கத்தில் அயலகத் தமிழர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. போன பிறகு சங்கடம் என்றால் தூதரகத்துக்குப் புகார் செய்ய 'மதத்' என்ற இணையதளம் 2015 முதல் இருந்து வருகிறது. வீட்டிலிருப்பவர்களும் அதில் எழுதலாம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நடு இரவில் தொலைபேசி மணி அடிக்கும். "உங்கள் மகன் இங்கே கைதாகிவிட்டான். உடனே பணம் அனுப்பினால் வெளியே விடலாம்" என்று ஒரு குரல். பின்னால் மகனின் அழுகுரல்கூடக் கேட்கும். இன்று குரலையும் இயந்திரத்தால் அப்படியே செய்துவிடுகிறார்கள். எந்த நாட்டுப் போலீஸும் எந்தத் தூதரகமும் தொலைபேசியில் பணம் கேட்டு விடுதலை செய்வதில்லை. இதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. புறப்படும் முன் குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வளர்த்த பசுவின் பெயர், பழைய வீட்டுக் கிணற்றடி மரம், வெளியார் யாருக்கும் தெரியாத ஏதாவது ஒன்று. "அந்த வார்த்தையைச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் தொலைபேசியை வைத்துவிட்டு, மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவன் தூக்கக் கலக்கத்தில், "என்னம்மா இந்த நேரத்தில்?" என்று எரிந்து விழுவான். விழட்டும், அந்த எரிச்சல் காதுக்கு இனிமையாக இருக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்பாடா, வெளிநாடே வேண்டாம்" என்று யாராவது பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டால் அது என் எண்ணத்துக்கு விரோதம். போங்கள், பாருங்கள். பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள், பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சம்பாதித்துத் தங்கைக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். வீட்டு வாசலில் நின்று நம்மவர்கள் "போகிறேன்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டாவது வார்த்தைக்காகத்தான் இத்தனை ஜாக்கிரதையும்.

மறந்துவிட்டேனே! அந்தக் கசகசாவை எடுத்து வெளியே வைத்தீர்களா? வீணாக்க வேண்டாம். வழியனுப்ப வந்தவர்களுக்கு நாளைக்கே ஒரு பாயசம் வைத்துவிடலாம்.